கரி சேர்த்தால் எரிவாயு கூடுமா?

கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய சென்னைச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீர்க் கசடிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் தயாரிக்கும் ஏற்பாடு உண்டு. ஒரு கன மீட்டர் மீத்தேனில் சுமார் 10 யூனிட் வெப்ப ஆற்றல் இருக்கிறது. எஞ்சினில் எரித்தால் ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரமாகக் கிடைக்கும். மின்கட்டணம் கட்டித் தளர்ந்த நிலையங்களுக்கு, ‘மின்சாரம் கடத்தும் கரியைத் தொட்டியில் சேர்த்தால் வாயு கூடும்’ என்ற ஆய்வுச் செய்தி இனிக்கத்தான் செய்யும். செய்தி பொய்யல்ல. ஆனால் கரி எங்கே உதவுகிறது, எங்கே உதவாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

காற்றுப் புகாத தொட்டியில், சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூட்டில், கசடு இரண்டு மூன்று வாரம் தங்குகிறது. பெரிய மூலக்கூறுகள் முதலில் உடைந்து கரைகின்றன. பிறகு அவை புரோப்பியானிக் போன்ற அமிலங்களாகின்றன. அந்த அமிலங்கள் அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் சிதைய, கடைசியில் மீத்தேன் உண்டாகிறது. சிக்கல் மூன்றாம் கட்டத்தில். ஹைட்ரஜன் சற்றே தேங்கினாலும் புரோப்பியானிக் அமிலத்தைச் சிதைக்கும் பாக்டீரியாவுக்கு வேலை ஓடாது. மீத்தேன் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜனை உடனுக்குடன் உண்டு தீர்க்க வேண்டும். தாமதமானால் அமிலம் ஏறி, தொட்டி புளித்து, வாயு குறைந்துவிடும்.

2010-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் டெரெக் லவ்லி குழுவினர், இருவகை ஜியோபாக்டர் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனின் தயவின்றி நேரடியாகவே எலக்ட்ரான்களைக் கைமாற்றுவதைக் காட்டினர். கிளர்வூட்டிய கரித் துகள்கள் அந்தக் கைமாற்றத்துக்குத் துணைபோவதை 2012-ல் அதே குழு நிறுவியது. ஹைட்ரஜன் வழி பரிசல் பயணம் என்றால், கரி ஆற்றின் குறுக்கே போட்ட பாலம்.

பாலம் போட்டால் போக்குவரத்து விரையும். அக்கரைக்குப் போக வேண்டிய சரக்கு கூடாது. கசடில் உள்ள கரிமப் பொருளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: அப்பொருளை முழுதாக ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் எடையால் அளந்தால், ஒரு கிலோ முழுவதும் செரித்தாலும் திட்ட வெப்ப, அழுத்த நிலையில் 0.35 கன மீட்டர் மீத்தேனுக்கு மேல் வராது. அந்த வரம்பையும் நாம் எட்டுவதில்லை. நுண்ணுயிர்களின் உடல்களே மிகுந்த கசடில், அவற்றின் செல்சுவர்கள் உடைவதுதான் மெதுவான வேலை. அதாவது முதல் கட்டத்திலேயே தடை. அங்கே கரியைவிட, கசடை முன்கூட்டியே அழுத்தத்தில் வேகவைக்கும் வெப்ப முறை பொருத்தமானது. மாறாக அமிலம் அடிக்கடி தேங்கும் தொட்டிக்கு, உணவுக்கழிவையும் சேர்த்துச் சுமை ஏற்றும் தொட்டிக்கு, கரி நல்ல துணை.

ஆய்வக எண்களையும் கவனமாகப் படிக்க வேண்டும். ஒருமுறை நிரப்பி மூடிய குப்பியில் கரி தொடக்கத் தாமதத்தைக் குறைக்கும். பத்தாம் நாள் வித்தியாசம் பெரிதாகத் தெரியும், இறுதித் தொகையில் அது சுருங்கிவிடலாம். கரி நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ இடமும் தருகிறது, நச்சுகளையும் பிடித்துவைக்கிறது. மின்கடத்தாத பொருளோடும் ஒப்பிட்டால்தான் எது எதனால் என்று புரியும். எல்லாக் கரியும் நன்றாகக் கடத்துவதுமில்லை. குறைந்த சூட்டில் சுட்ட தேங்காய்த் தொட்டிக் கரியின் கடத்துதிறன் மிகக் குறைவு.

செலவுக் கணக்கு இன்னும் கறாரானது. 1,000 கன மீட்டர் தொட்டியில் லிட்டருக்கு 5 கிராம் வீதம் போட்டால் 5 டன் கரி. கசடு 20 நாள் தங்குமானால், அன்றாடம் வெளியேறும் 50 கன மீட்டரோடு 250 கிலோ கரியும் போய்விடும். தினமும் அதை ஈடுகட்ட வேண்டும், அல்லது பெரிய துகள்களை உள்ளேயே தடுத்து நிறுத்த வழி காண வேண்டும்.

எனவே, எந்த நிலையமும் கரி வாங்கும் முன் தன் தொட்டியின் அமில அளவையும் செரிமான விகிதத்தையும் சில மாதங்கள் தொடர்ந்து அளந்து பார்க்கட்டும். அமிலம் தேங்கவில்லையென்றால், அந்தப் பணம் கசடை உடைக்கும் வேலைக்குப் போவதே நியாயம்.