நிற்கும் கார்தான் கொதிக்கும்

மொன்றியலில் கிராண்ட் பிரீ வந்தாலே எங்கட பொடியளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்துவிடும். ஆசை பிழையில்லை. ஆனால் குதிரைத்திறனைக் கேட்கிறவர்கள் ரேடியேட்டர் விசிறி சுற்றுமா என்று கேட்பதில்லை.

ஃபார்முலா 1 காருக்கு விசிறியே கிடையாது. ஓடும்போது அடிக்கிற காற்றுதான் அதைக் குளிர்விக்கிறது. தொடக்கக் கோட்டில் நிற்கும்போது ஊழியர்கள் வெளியிலிருந்து காற்று ஊதுகிறார்கள். டெக்காரி நெடுஞ்சாலை நெரிசலில் எங்களுக்கு யார் வந்து ஊதுவது? அங்கே காரின் விசிறிதான் துணை.

பல கார்களில் வெப்பமானி முள் சூடு ஏறினாலும் நடுவிலேயே நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். அது நகரும்போது நிலைமை கைமீறியிருக்கும். வெப்பநிலையை எண்ணாகவே காட்டினால் என்ன குறைந்துவிடும்? நிறுவனங்கள் அதைச் செய்யத்தான் வேண்டும்.

அதுவரை நாங்கள்தான் கவனிக்க வேண்டும். வாங்குமுன் ஏ.சி.யைப் போடுங்கள், பெரும்பாலான கார்களில் விசிறி சுற்றத் தொடங்கும். முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள்.

"தண்ணி ஊத்தினா காணும்தானே?" காணாது. வெறும் தண்ணீர் ஜனவரியில் உறைந்து எஞ்சினையே பிளக்கும். கூலன்ட் பாதி, தண்ணீர் பாதி கலந்தால் மைனஸ் 35 பாகை வரை தாங்கும்.

குதிரைத்திறனைப் பிறகு கேட்கலாம். முதலில் விசிறியைப் பாருங்கள்.