மலை வெறுமையானதன்று

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே, பைரனீஸ் மலைத்தொடரின் மடியில், 468 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அந்தோரா என்ற சிறு நாடு இருக்கிறது. அங்குள்ள பால் என்னும் கிராமத்திலிருந்து மேற்கு நோக்கி ஏறும் தார் வீதி, ஏறத்தாழ 2,300 மீற்றர் உயரத்தில் உள்ள கபூஸ் கணவாயில் சட்டென முடிந்துவிடுகிறது. எல்லைக்கோடு வரை வீதியைச் செம்மையாகத் தாரிட்ட அந்தோரா, அதற்கு அப்பால் ஓர் அங்குலமும் தாரிடவில்லை. அப்பால் ஸ்பெயினின் கட்டலோனியப் பிரதேசம். சுங்கச் சாவடி கிடையாது, காவலர் கிடையாது. கற்கள் பெயர்ந்த மண்பாதை ஒன்று, தோர் என்ற கிராமத்தை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு யூலை மாதத்தில், துலூஸ் நகரில் வாழும் என் மருமகனுடன் அந்தக் கணவாயில் நின்றேன். இருவரும் வாடகை மோட்டார் சைக்கிள்களில் சென்றிருந்தோம். எங்களுக்கு முன்னரே ஏழெட்டுப் பேர், இருபுறமும் அலுமினியப் பெட்டிகள் பூட்டிய பெரிய மோட்டார் சைக்கிள்களுடன் அங்கே நின்றிருந்தனர். அவர்களுள் ஒருவர் இரு கைகளையும் விரித்து, "இங்கே எதுவுமில்லை, எவருமில்லை. இதைத் தேடித்தான் வந்தோம்" என்றார்.

இதே வாக்கியத்தைப் பிற்பாடு விளம்பரங்களிலும் பயணச் சஞ்சிகைகளிலும் காணொளிகளிலும் வெவ்வேறு சொற்களில் பலமுறை கேட்டுவிட்டேன். மனிதன் கால் படாத மலை, யாரும் அறியாத பாதை, கண்டறியப்படக் காத்திருக்கும் வெளி என்றெல்லாம் சொல்லுகிறார்கள். இது பொய். அந்தப் பொய்யில் சிலகாலம் பங்காளியாக இருந்தவன் என்பதால், அதைப் பொய் என்று சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

முதலில், அந்தக் கணவாயின் கீழே கிடக்கும் தோர் மலையையே எடுத்துக்கொள்வோம். 1896ஆம் ஆண்டில் அக்கிராமத்தின் 13 குடும்பத் தலைவர்கள் ஒன்றுகூடி, மலையின் கூட்டு உரிமையாளராகத் தம்மைப் பதிவு செய்துகொண்டனர். ஆண்டு முழுவதும் அங்கே அடுப்பெரித்து வாழ்பவர்க்கே பங்கு என்பது அவர்களது நிபந்தனை. பின்னர் பிழைப்புத் தேடிப் பலர் கீழே இறங்கிப்போயினர். எஞ்சியோரிடையே, மலை யாருக்கு என்ற வழக்கு மூண்டது. 1980இல் அந்தப் பகையில் இருவர் உயிரிழந்தனர். 1995இல் நீதிமன்றம் ஒருவரையே மலை முழுவதற்கும் உரிமையாளர் எனத் தீர்த்தது; சில மாதங்களில் அவர் தமது வீட்டிலேயே கொலையுண்டு கிடந்தார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. உரிமைத் தீர்ப்பும் பின்னர் மாறியது. இத்தனைக்கும் நடுவே, அந்தோராவின் மலிவான புகையிலையை ஏற்றிய கடத்தல் வாகனங்கள் இதே மண்பாதையில் ஓடின. மூன்று உயிர்கள் போன மலையைப் பார்த்துத்தான் அந்த மனிதர், இங்கே எதுவுமில்லை என்றார்.

தோர் ஒரு விதிவிலக்கன்று. அத்திலாந்திக் கரையிலிருந்து மத்தியதரைக் கடல்வரை ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளும் இம்மலைத்தொடரில், எவரோ ஒருவர் உழைத்து உருவாக்காத பாதை என்று ஒன்று அநேகமாக இல்லை. மேற்கே பியர் சென் மார்த்தன் கணவாயில், ஆண்டுதோறும் யூலை 13ஆந் திகதி, பிரான்சின் பரெத்தூஸ் பள்ளத்தாக்கினர் ஸ்பெயினின் ரொங்கால் பள்ளத்தாக்கினருக்கு மூன்று பசுக்களைக் கையளிக்கின்றனர். புல்லுக்கும் நீருக்குமான ஒரு சண்டையை முடித்துவைத்த 1375ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி நடக்கும் சடங்கு இது. இரு முடியரசுகளும் 1659இல் பைரனீஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு எல்லையைப் பற்றிப் பேசுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, எந்த மந்தை எந்த ஊற்றில் எந்த நாளில் நீர் குடிக்கலாம் என்பதை இந்த இடையர்கள் தமக்குள் எழுதி வைத்திருந்தார்கள்.

கிழக்கே போனால் வேறொரு வரலாறு. 1939ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிராங்கோவின் படைகள் கட்டலோனியாவைக் கைப்பற்றியபோது, ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் குளிரிலும் பனியிலும் இம்மலையைக் கடந்து பிரான்சுக்குள் சென்றனர். கவிஞர் அந்தோனியோ மச்சாதோ அவர்களுள் ஒருவர். எல்லையைக் கடந்து சில வாரங்களுக்குள், பெப்ரவரி 22ஆந் திகதி, கொலியூர் என்ற கடலோர ஊரில் இறந்துபோனார். அடுத்த ஆண்டு அகதிகளின் திசை மாறியது. நாஸிகளுக்குத் தப்பிய யூத அறிஞர் வால்ட்டர் பென்யமின், இதய நோயுடன் பான்யுல்ஸ் ஊரிலிருந்து மலையேறி ஸ்பெயினின் போர்த்போ சென்று சேர்ந்தார். திருப்பி அனுப்பப்படுவார் என்று தெரிந்த நிலையில், 1940 செப்டெம்பர் 26ஆந் திகதி அங்கேயே உயிர்துறந்தார். அவர் நடந்த பாதைக்கு இன்று அவருடைய பெயரையே இட்டிருக்கிறார்கள்.

ஐரோப்பிய எல்லைகளை இரவில், வழிகாட்டியின் முதுகை மட்டும் பார்த்தபடி நடந்து கடந்தவர்கள் நம்மவரிலும் பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடமாவது அந்தப் பாதையைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். "சாகசம்" என்ற சொல் அவர் வாயில் வராது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். அந்தோராவுக்குச் செல்லும் முன் நாங்கள் பிரான்சின் அரியேஜ் மாவட்டத்தில் இரண்டு நாள் சுற்றினோம். முன்பின் அறியாத ஒருவர் இணையத்தில் இட்டிருந்த வழித்தடக் கோப்பு ஒன்றை மருமகன் கையடக்கத் தொலைபேசியில் இறக்கி வைத்திருந்தார். திரையில் தெரிந்த நீலக் கோட்டைத் தொடர்ந்தோம். கிரவல் பாதை தேய்ந்து, புல்வெளிக்குள் இரு சக்கரத் தடங்களாகச் சுருங்கியது. அறிவித்தற் பலகை ஒன்றைக் கடந்தோம். நான் அதை வாசிக்கவில்லை. வாசிக்க விரும்பவில்லை என்பதே உண்மை. முதல்நாள் மழை பெய்திருந்தது. ஒரு திருப்பத்தில் என் பின்சக்கரம் ஈர மண்ணில் சுழன்று, முழங்கை ஆழத்துக்கு ஒரு சாலைக் கிழித்துவிட்டுத்தான் மேலேறியது.

மேலே ஆட்டுமந்தை நின்றது. வெள்ளைக் காவல்நாய்கள் இரண்டு குரைத்தபடி ஓடிவந்தன. மந்தை சிதறியது. இடைச்சிப் பெண் ஒருவர் நாய்களை அடக்கிவிட்டு எங்களிடம் வந்தார். கோபப்படவில்லை. சக்கரம் கிழித்த இடத்தைக் காட்டி ஏதோ சொன்னார். மருமகன் சற்றுத் தயங்கித்தான் மொழிபெயர்த்தார்: "மாமா, இந்தக் கோடு வாற வருசமும் இருக்குமாம். அதுக்கடுத்த வருசமும் இருக்குமாம். நாங்கள் மட்டும் இருக்கமாட்டமாம்."

அவர் சொன்னது அறிவியல். 2,000 மீற்றருக்கு மேலே புல் வளரும் பருவம் ஆண்டில் சில மாதங்களே. அங்கே ஒரு சக்கரம் கிழித்த மண் மூடிக்கொள்வதற்குள் பனி விழுந்துவிடும். வசந்தத்தில் உருகும் பனிநீர், சரிவில் கிடக்கும் அந்தச் சாலையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். வாய்க்கால் ஆழமாகும். அடுத்து வரும் ஓட்டுநர் அதைத் தவிர்க்க அருகிலேயே புதிய தடம் போடுவார். ஐந்தாறு ஆண்டுகளில் ஒரு பாதை ஐந்து பாதைகளாகும். நடுவே புல் செத்த மண் மிஞ்சும். அந்தப் புல்தான் மந்தையின் கோடைகால உணவு. அந்த மந்தைதான் அவருடைய சம்பளம்.

சட்டம் இதை அறியாமல் இல்லை. பிரான்சில் 1991 ஜனவரி 3ஆந் திகதிச் சட்டம், பொதுப் போக்குவரத்துக்குத் திறந்த வீதிகளுக்கும் பாதைகளுக்கும் வெளியே இயற்கை நிலப்பரப்பில் மோட்டார் வாகனம் ஓட்டுவதைத் தடைசெய்கிறது. மீறுவோருக்கு 1,500 யூரோ வரை தண்டப்பணம். கட்டலோனியாவில் 1995ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உண்டு. பாதையை விட்டு விலகி நிலத்துக்குள் ஓட்டுவது அங்கே குற்றம். ஸ்பெயினின் வனச் சட்டத்தில் 2006இல் சேர்க்கப்பட்ட விதி, காட்டுப் பாதைகளில் மோட்டார் வாகனப் போக்குவரத்தை அடிப்படையில் மட்டுப்படுத்துகிறது. விவரமான விதிகள் பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறும். எனவே, ஸ்பெயினில் எல்லாம் போகலாம் என்று கூடாரத்தடியில் சொல்லப்படும் ஆறுதல் மொழியை நம்பிப் புறப்படாதீர்கள்.

பிரெஞ்சுச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று. சட்டத்தை மீறும் நிலையில் ஒரு வாகனத்தைக் காட்டும் விளம்பரத்தையே அது தடைசெய்கிறது. ஓட்டுபவனை மட்டுமன்றி, ஆசையை விற்பவனையும் அது பார்க்கிறது. ஆசை எங்கே பிறக்கிறது என்பது அச்சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1980இல் முதலாவது ஜி.எஸ். வண்டியை வெளியிட்டது, மறு ஆண்டே அது பாரிஸ் - டக்கார் பந்தயத்தில் வென்றது. 2004இல் நடிகர் யுவான் மக்கிரகர் நண்பருடன் இவ்வகை வண்டியில் உலகைச் சுற்றிய தொலைக்காட்சித் தொடர் வெளிவந்தது. இன்று ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களும் இவ்வகை வண்டியைச் செய்கின்றன. 2023இல் வெளிவந்த ஆர் 1300 ஜி.எஸ். 237 கிலோ எடை. வாங்குபவர்களிற் பெரும்பாலோர் அதைத் தார் வீதியில்தான் ஓட்டப்போகிறார்கள். ஆனால் தார் வீதியைக் காட்டினால் அவ்விலைக்கு விற்க முடியாது. ஆகவே மலை விற்கப்படுகிறது. வண்டியின் விலையில் மலைக்குப் பங்கில்லை, இடையருக்கும் பங்கில்லை.

என் வாதத்துக்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். அவற்றிற் சிலவற்றை ஒருகாலத்தில் நானே சொல்லியிருக்கிறேன்.

பனிச்சறுக்கு நிலையங்கள் மலையையே வெட்டினவே, ஒரு மோட்டார் சைக்கிள் என்ன செய்துவிடும் என்பது முதலாவது. நிலையங்கள் செய்த கேடு பெரிது; மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு முகவரி உண்டு. எதிர்த்து வழக்குப் போடலாம். ஊரவர் கேள்வி கேட்கலாம். பெயரற்ற ஒருவர் இட்ட வழித்தடக் கோப்புக்கு யார் பதில் சொல்வது? ஒரு வண்டி என்பதும் கணக்கில் வராத பொய். கோப்பு ஒன்றுதான், அதைப் பின்தொடரும் வண்டிகளுக்கு எண்ணிக்கை இல்லை.

நடப்பவர்களும் மண்ணைத் தேய்க்கிறார்களே என்பது இரண்டாவது. தேய்க்கிறார்கள். ஆயினும் கால் அழுத்துவதும், விசைகொண்ட சக்கரம் சுழன்று கிழிப்பதும் ஒன்றல்ல. ஓசையும் இருக்கிறது. நடு மாரியில், செங்குத்துப் பாறைகளில் முட்டையிட்டு அடைகாக்கும் தாடிக் கழுகுகள் இம்மலையில் உள்ளன. இடைஞ்சலுக்கு அஞ்சிக் கூட்டைவிட்டுப் பறந்தால் குளிரில் முட்டை அழியும். இங்கே இழப்பு என்பது வெறும் பேச்சன்று. பைரனீஸ் மலையாட்டின் கடைசி விலங்கு 2000 ஜனவரியில் ஒர்தேசா தேசியப் பூங்காவில் விழுந்த மரத்தின் கீழ் இறந்து கிடந்தது. இம்மலைக்கே உரிய கரடி வழியின் கடைசிப் பெண், கனெல் என்று பெயரிடப்பட்டது, 2004 நவம்பர் முதலாந் திகதி வேட்டைக்காரர் ஒருவரின் குண்டுக்குப் பலியானது. இன்று அங்கே உலவும் கரடிகள் ஸ்லோவேனியாவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவற்றின் வழித்தோன்றல்கள். மோட்டார் சைக்கிள் இவற்றைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் இம்மலையின் பொறுமைக்கு எல்லை உண்டு என்பதற்கு இவை சாட்சி.

மூன்றாவது மறுப்புத்தான் வலியது. நடக்க இயலாதவர்கள், முதியவர்கள் மலையைப் பார்க்கவே கூடாதா? எனக்கும் முழங்கால் வலி உண்டு. மலையேறி இருபது கிலோமீற்றர் நடக்கும் வயதை நான் கடந்துவிட்டேன். ஆனால் 2,115 மீற்றர் உயரத்திலுள்ள தூர்மலே கணவாய்க்குத் தார் வீதி செல்கிறது. 1,632 மீற்றர் உயரத்திலுள்ள சொம்போர்த்துக்கும் செல்கிறது. வாகனங்களுக்குச் சட்டப்படி திறந்த மண்பாதைகளும் இருக்கவே இருக்கின்றன. இவற்றை முழுதும் ஓட்டி முடிக்க ஒருவருக்குப் பல கோடைகாலங்கள் வேண்டும். அதற்கும் அப்பால் நான் போக முடியாத இடங்கள் இருந்தால் இருக்கட்டும். எல்லா இடத்துக்கும் போயே தீரவேண்டும் என்று எனக்கு வரம் தந்தவர் எவர்?

மோட்டார் சைக்கிள்களை மலையிலிருந்து முற்றாக விரட்டவேண்டும் என்று நான் எழுதவில்லை. கூட்டம் கூட்டமாகச் செல்வோரின் செலவில் பல கிராமத்து உணவகங்களும் விடுதிகளும் பிழைக்கின்றன என்பதையும் கண்டிருக்கிறேன். நான் கேட்பவை சிறியவை. வாகனங்களுக்குத் திறந்தது என்று உறுதியாகத் தெரிந்த பாதையில் மட்டும் செல்லுங்கள். ஐயம் எழுந்தால் திரும்புங்கள். மழைக்கு மறுநாள் மண்பாதையை விட்டுவிடுங்கள். மந்தையைக் கண்டால் இயந்திரத்தை நிறுத்தி, அது கடக்கும்வரை காத்திருங்கள். சட்டம் தெரியாமல் ஓடிய வழித்தடத்தை உலகத்துக்கு இலவசமாகக் கொடுக்காதீர்கள். அது கொடையன்று, கேட்டைப் பெருக்கும் வித்து. எல்லாவற்றுக்கும் மேலாக, "கண்டறிதல்" என்ற சொல்லைக் கைவிடுங்கள். அடுத்தவர் வாழும் வீட்டுக்குள் நுழைந்துவிட்டு அதைக் கண்டுபிடித்தேன் என்று சொன்னவர்கள் செய்த கொடுமைகளை, நமது தீவு மூன்று ஐரோப்பியக் கொடிகளின் கீழ் அனுபவித்திருக்கிறது. அதே சொல்லை நாமும் ஏன் தூக்கிச் சுமக்கவேண்டும்?

அன்று அந்தப் புல்வெளியிலிருந்து நாங்கள் வண்டிகளை இயக்காமல், பிரேக்கைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டே இறங்கினோம். மருமகன் வழியில் நின்று, காலால் மண்ணை வாரி அந்தச் சாலை மூட முயன்றார். மூட முடியவில்லை. கீழே வந்ததும், கடந்துபோன பலகையை நின்று வாசித்தோம். இரண்டே வரிகள். வாசிக்க அரை நிமிடங்கூட ஆகவில்லை.