ஓட்டுச் சீட்டும் கோர்ட்டுச் சாஸ்திரமும்



திதி கொடுக்க வருகிற புரோகிதன், தர்ப்பையில் ஒரு புல் குறைந்தால் பிண்டம் பிதிர்களுக்குப் போய்ச் சேராது என்கிறான். கொடுத்தவன் மனமோ, கொட்டின பணமோ அவனுக்குக் கணக்கில்லை, புல்தான் கணக்கு. இந்தப் புல் சாஸ்திரம் நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமென்று எண்ணிவிடாதீர்கள். சீமையிலே, ஆகாய விமானம் பறக்கிற இக்காலத்திலே, தொழிலாளர் தலையில் அதே சாஸ்திரம் சுமத்தப்பட்ட சங்கதியைக் கேளுங்கள்.

பிரிட்டிஷ் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியார் 2009 நவம்பரில், தூர தேசம் போகும் பெரிய விமானங்களில் பிரயாணிகளைக் கவனிக்கும் சிப்பந்திகள் 15 பேர் இருந்த இடத்தில் 14 பேர் போதும் என்று தாங்களே தீர்மானித்து அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒருவன் வேலையை மற்றவர்கள் தலையில் பங்கிட்டார்கள் என்பதுதான் இதன் அர்த்தம். இதற்காக எந்தச் சிப்பந்தியிடமாவது ஓட்டுக் கேட்டார்களா? இல்லை. முதலாளி செய்யும் காரியத்திற்கு ஓட்டும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்!

சிப்பந்திகளின் யுனைட் சங்கத்தார் சட்டப்படி ஓட்டெடுத்தார்கள். அங்கத்தினர்களில் 100-க்கு 80 பேர் ஓட்டளித்தார்கள். அளித்தவர்களில் 100-க்கு 92 பேருக்கு மேல் வேலை நிறுத்தம் வேண்டும் என்றார்கள். டிசம்பர் 22 முதல் 12 நாள் என்று குறித்தார்கள். உடனே கம்பெனியார் கோர்ட்டுக்கு ஓடினார்கள். டிசம்பர் 17-ல் கோர்ட்டு தடையுத்தரவு போட்டது. காரணம் என்ன? வேலையை விட்டு விலக இசைந்திருந்த சில நூறு பேருக்கும் ஓட்டுச் சீட்டு போயிருந்ததாம். கிறிஸ்துமஸ் காலத்தில் வேலை நிறுத்தம் செய்தால் கஷ்டம் அதிகம் என்றும் நீதிபதி எடுத்துக் காட்டினார். முதலாளிக்கு ஆபத்து வந்தால் பண்டிகையும் அவன் பக்கம் சாட்சிக்கு வந்துவிடுகிறது!

சங்கத்தார் இதில் ஜாக்கிரதைக் குறைவாய் இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் வேண்டுமென்றவர்கள் 9,000 பேருக்கு மேல். அந்தச் சில நூறு ஓட்டையும் தள்ளிப் பார்த்தாலும் முடிவு மாறுமா? கணக்குத் தெரிந்த சிறுபிள்ளையும் மாறாது என்று சொல்லும்.

நிற்க, 2010 பிப்ரவரியில் மறுபடியும் ஓட்டெடுத்தார்கள். 100-க்கு 80 பேருக்கு மேல் வேலை நிறுத்தம் வேண்டும் என்றார்கள். மார்ச்சில் 7 நாள் வேலை நிறுத்தமும் நடந்தது. மே மாதத்தில் திரும்பவும் நடத்தப் போகையில் கம்பெனியார் இன்னொரு புல்லைக் கண்டுபிடித்தார்கள். ஆயிரக்கணக்கான சீட்டுகளில் செல்லாதவை 11. அந்த 11 என்ற எண்ணைச் சங்கத்தார் ஒவ்வொரு அங்கத்தினருக்கும் முறைப்படி தெரிவிக்கவில்லையாம்! மே 17-ல் இதற்கும் தடையுத்தரவு கிடைத்தது. மூன்று நாளில் அப்பீல் கோர்ட்டு அதை ரத்து செய்தது. அதிலும் மூன்று நீதிபதிகளில் ஒருவர் தடை சரியென்றே சொன்னார்.

இதே தகராறில் இன்னொரு வழக்கையும் பாருங்கள். விமானத்தில் இத்தனை பேர் இருக்க வேண்டுமென்று சங்கத்தோடு கம்பெனி செய்திருந்த ஏற்பாட்டைச் சிப்பந்திகள் கோர்ட்டில் காட்டியபோது, அது தனித்தனிச் சிப்பந்தி வழக்காடி நிறைவேற்றிக் கொள்ளத்தக்க ஒப்பந்தமல்ல என்று 2010 பிப்ரவரியில் கோர்ட்டு தள்ளிவிட்டது. முதலாளி கொடுத்த வாக்கு காற்றோடு போகலாம். தொழிலாளியின் 11 செல்லாச் சீட்டு மட்டும் வேத வாக்கு! மனுதர்மத்திற்கும் இதற்கும் என்ன பேதம்?

"ஓட்டெடுப்பு நல்லதுதானே, ஜனநாயகந்தானே" என்று சிலர் கேட்கலாம். நல்லதுதான். பலர் மனதை அறிவதற்கு ஓட்டைவிட யோக்கியமான வழி இல்லை. ஆனால் மனதை அறிவதற்கு ஏற்பட்ட கருவியை மனதை மறுப்பதற்கு உபயோகிப்பதுதான் பித்தலாட்டம் என்கிறோம். 2015 தேர்தலில் 100-க்கு 37 ஓட்டு வாங்கிச் சர்க்காரைப் பிடித்த கன்சர்வேடிவ் கட்சியார், 2016-ல் சட்டம் செய்து, வேலை நிறுத்தத்துக்கு அங்கத்தினரில் பாதிப் பேராவது ஓட்டளிக்க வேண்டும், சில முக்கியப் பொதுச் சேவைகளிலோ மொத்த அங்கத்தினரில் 100-க்கு 40 பேர் ஆதரிக்கவும் வேண்டும் என்றார்கள். அந்த 40 என்ற அளவுகோலைத் தங்களுக்கே வைத்திருந்தால் அவர்கள் ஆள வந்திருக்கவே முடியாது.

ஆகவே தோழர்களே, நாம் அறிய வேண்டியது இதுதான். இந்த ஓட்டுச் சட்டம் ஆகாயத்திலிருந்து இறங்கியதல்ல. 1984-ல் தாட்சர் சர்க்கார் போட்ட அஸ்திவாரம். பின்னால் வந்தவர்கள் கட்டிய கட்டடம். மனிதன் செய்ததை மனிதன் மாற்றலாம். மாற்றும் வரையில் தொழிலாளர் சங்கம் ஒவ்வொரு சீட்டையும் எண்ணி, ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்து, எதிரிக்கு ஒரு புல்லும் அகப்படாமல் நடந்துகொள்ள வேண்டும். அந்தச் சிப்பந்திகள் 2010-ல் மொத்தம் 22 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். 2011-ல் கம்பெனியார் அவர்களோடு ராஜிக்கு வந்தார்கள். சாஸ்திரத்துக்குப் பயந்து வீட்டுக்குப் போயிருந்தால் அந்த ராஜியும் வந்திருக்காது.