அம்மாவிடம் தமிழில் கேட்டிருந்தால்...

அப்பா காலமான பிறகு அம்மா கும்பகோணத்தை விட்டு எங்களோடு செகந்திராபாத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 81. ஒரு வருஷத்துக்குள் பேச்சு குறைந்தது. வைத்த சாமானைத் தேடத் தொடங்கினார். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன்.

மறதி நோய்க்கான பரிசோதனை என்று டாக்டர் இந்தியில் கேள்விகள் கேட்டார். நான் வாயைத் திறந்தபோது, ‘நீங்கள் பதில் சொல்லக்கூடாது’ என்று தடுத்துவிட்டார். அது நியாயமே. என்ன மாதம் என்று கேட்டதை எப்படியோ புரிந்துகொண்டு அம்மா ‘ஆடி’ என்றார். அது ஆடி மாதமேதான்! ஆனால் தாளில் பூஜ்யம் விழுந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். இந்தியில் பத்துக்கு மேல் அம்மாவுக்கு எண்ணத் தெரியாது. மொத்தம் 30-க்கு 11 மதிப்பெண். நோய் முற்றிவிட்டது என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்துத் திருச்சியில் தங்கை வீட்டுக்குப் போனபோது, அங்கே ஒரு டாக்டர் அதே கேள்விகளைத் தமிழில் கேட்டார். 30-க்கு 23! மறதி தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனால் காது மந்தமும் பி-12 வைட்டமின் குறைவும் அதைப் பெரிதாக்கியிருந்தன. இரண்டுக்கும் வைத்தியம் செய்த பிறகு, அம்மா மூன்று வருஷம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு இருந்தார்.

முதல் டாக்டரை நான் குறை சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நோயாளியின் மொழி என்ன என்ற கேள்வியையே தன் ஆராய்ச்சியின் மையமாக வைத்துக்கொண்ட ஒரு நரம்பியல் மருத்துவர், பல வருஷம் நம் ஊரிலேயே பணியாற்றியிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவர் டாக்டர் சுவர்ணா அல்லாடி.

பஞ்சாகுட்டாவில் உள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் (நாம் ‘நிம்ஸ்’ என்று சொல்வது) நரம்பியல் பேராசிரியையாக இருந்தவர். பின்னர் பெங்களூரு நிம்ஹான்ஸுக்குச் சென்றார். அதற்கு முன் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று 2007-இல் வெளியாயிற்று. அல்ஸைமர் நோய் எல்லோருக்கும் மறதியாகத்தான் தொடங்கும் என்பதில்லை, சிலருக்கு முதலில் பேச்சில் சொற்கள் தடுமாறும், சிலருக்குப் பார்ப்பதைப் புரிந்துகொள்வதில் குழப்பம் வரும் என்று அது காட்டியது.

நிம்ஸில் மறதி நோய்க்கு வந்த 648 பேரை ஆராய்ந்து 2013-இல் அவரது குழு வெளியிட்ட முடிவுதான் உலகத்தின் கவனத்தை ஈர்த்தது. அவர்களில் 391 பேர் இரண்டு மொழியோ அதற்கு மேலோ பேசியவர்கள். ஒரே மொழி பேசியவர்களுக்குச் சராசரியாக 61 வயதில் தொடங்கிய நோய், இவர்களுக்கு 65-ஐத் தாண்டித்தான் தொடங்கியிருந்தது. வித்தியாசம் நாலரை வருஷம்! இதற்கு முன் கனடாவில் இதுபோன்ற முடிவு வந்தபோது, ‘அங்கே இருமொழிக்காரர்களில் பலர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள், காரணம் அதுவாக இருக்கலாம்’ என்ற ஆட்சேபம் இருந்தது. ஹைதராபாதில் தெலுங்கும் உருதுவும் இந்தியும் பிறந்த மண்ணிலேயே கலந்து புழங்குவதால், அந்த ஆட்சேபத்துக்கு இங்கே இடமில்லை.

நான் ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 36 வருஷம் இருந்தவன். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். மெயின் லைனில் தடை ஏற்பட்டால், லூப் லைன் உள்ள ஸ்டேஷனில் வண்டியைத் திருப்பி விட்டுவிடலாம். லூப் இல்லாத இடத்தில் வண்டி நின்றுவிடும். இரண்டு மொழிகளை மாற்றி மாற்றிப் புழங்கும் மூளையில் இப்படி மாற்றுப் பாதை அமைகிறது என்பது விஞ்ஞானிகளின் கருத்து. நோய் வராமல் போவதில்லை. வந்தாலும் கொஞ்ச காலம் வண்டி ஓடுகிறது.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தப் பலன் காணப்பட்டது என்பது என்னை மிகவும் கவர்ந்தது. விகாராபாத் - வாடி பகுதியில் என்னோடு வேலை பார்த்த கேங்மேன்கள் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள். தெலுங்கில் பேசி, உருதுவில் சண்டை போட்டு, கன்னடத்தில் சமாதானம் ஆவார்கள். அவர்களைப் படிக்காதவர்கள் என்று நாம் எண்ணியிருந்தோம்!

ஒரு எச்சரிக்கையும் தேவை. எல்லா நாட்டு ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. மூன்றாவது, நாலாவது மொழியால் கூடுதல் பலன் இருப்பதாக ஹைதராபாத் ஆய்வில் தெரியவுமில்லை. ஆனால் பக்கவாதம் வந்த 608 பேரிடம் இதே குழு செய்த இன்னொரு ஆய்வில், பிறகு அறிவுத்திறன் பழுதின்றி இருந்தவர்கள் இருமொழிக்காரர்களில் நூற்றுக்கு 40 பேர். ஒரு மொழிக்காரர்களில் 20 பேர்தான்.

இன்னொரு பணியும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அவரும் பங்கு கொண்ட திட்டத்தில், மறதி நோய்ப் பரிசோதனைகளை நம் நாட்டு மொழிகளுக்கும் வாழ்க்கைக்கும் ஏற்றபடி அமைத்தது. முதலில் எடுத்துக்கொண்டவை இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து. அந்த ஐந்தில் தமிழ் இல்லை. தமிழ்நாட்டில் தமிழ் டாக்டர் கிடைப்பார். வெளியில் வாழும் நாம் என்ன செய்வது?

நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. நம் சங்கக் குடும்பங்கள் அதற்கு விலக்கல்ல. ஆகவே மூன்று யோசனைகள்.

ஒன்று: பெரியவர்களை அழைத்துச் செல்லும்போது, அவர்களுக்கு எந்த மொழி தெரியும், எவ்வளவு படித்தவர்கள், காது கேட்குமா என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு: தமிழும் தெலுங்கும் இந்தியும் தெரிந்த, ஓய்வு பெற்ற அன்பர்கள் பத்துப் பேர் பெயரைச் சங்க அலுவலகத்தில் பதிவு செய்யலாம். கேள்வியை மட்டும் தமிழில் சொல்லி, பதிலை அப்படியே திருப்பிச் சொல்லும் மூன்றாம் மனிதர் இருந்தால் டாக்டரும் தடுக்கமாட்டார். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நம் வீட்டுக்குள் செய்யவேண்டியது. குழந்தைக்குச் சுமை என்று தமிழை விட்டுவிட்ட பெற்றோர்கள் நம்மிடையே பலர். பேரன் ஆங்கிலத்தில் பேசுகிறான். பாட்டி வாயை மூடிக்கொள்கிறாள். அந்த மௌனத்தை நாம் நோய் என்று நினைத்து மருத்துவமனைக்கு ஓடுகிறோம். என் அம்மா பேச்சைக் குறைத்ததும் எங்கள் வீட்டில் அவரோடு பேச ஆள் இல்லாததால்தானோ என்று இன்றும் எனக்கு உறுத்துகிறது. மாலையில் கால்மணி நேரம் பேரனும் பாட்டியும் தமிழில் பேசட்டும். பாட்டிக்குத் துணை, பேரனுக்கு ஒரு லூப் லைன்.