பழைய கார் இன்ஜின் கொதிக்குதா? ரேடியேட்டர் மூடியில் கை வைக்கும் முன் இதைப் படிங்க!

கத்திரி வெயில், விடுமுறைக் கூட்டம், பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்து நகரும் வரிசை. இந்த மூன்றும் சேர்ந்தால், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையோரம் நிற்கும் கார்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் பழைய வண்டிகள்தான்.

இப்போது ஏன் இதைப் பேச வேண்டும்?

சொந்த உபயோகக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். அதன் பிறகு தகுதிச் சோதனை முடித்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த இந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ரூபாயானது. 20 ஆண்டுகளைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. இவ்வளவு செலவு செய்து தக்கவைத்த வண்டியின் இன்ஜினைப் பத்து நிமிட அவசரத்தில் இழந்துவிட முடியும். "பக்கத்துல மெக்கானிக் கடை வரைக்கும் ஓட்டிடலாம்" என்ற அந்த நினைப்புதான் ஆபத்து.

முள் சிவப்புக்குப் போனால் முதலில் என்ன செய்வது?

ஏசியை உடனே நிறுத்துங்க. ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்க. உள்ளே வேகும், ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்க.

மூடியைத் திறந்தால் என்ன ஆகும்?

கூலிங் சிஸ்டம் அழுத்தத்தில் இயங்குவது. அந்த அழுத்தத்தால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் உள்ளே தண்ணீர் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் பீய்ச்சும். குறைந்தது அரை மணி நேரம் ஆறவிடுங்க. சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. உலோகம் விரிசல் விடலாம்.

எங்கே சூடாகிறது என்பதில்தான் விடை

* டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் ஏறி, ஓடும்போது இறங்குகிறதா? ஃபேன் மீதுதான் முதல் சந்தேகம். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என வரிசையாகப் பாருங்க.
* நெடுஞ்சாலை வேகத்தில் அல்லது கொல்லிமலை மாதிரி ஏற்றத்தில் சூடாகிறதா? ரேடியேட்டர் அடைப்பு அல்லது வாட்டர் பம்ப் காரணமாக இருக்கலாம்.
* வண்டியை எடுத்த சில நிமிடங்களிலேயே சூடு ஏறுகிறதா? கூலன்ட் குறைந்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கலாம்.
* எங்கேயும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா? சைலன்ஸரில் வெள்ளைப் புகை, டிப் ஸ்டிக்கில் பால் கலந்த டீ நிறத்தில் ஆயில் இருந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு விஷயம்: சிவப்பில் இருந்த முள் திடீரென கீழே விழுந்தால் நிம்மதி அடையாதீங்க. சென்சாரைத் தொடும் அளவுக்குக்கூட உள்ளே தண்ணீர் இல்லாமல் போயிருக்கலாம்.

நாமே வரவழைக்கும் சிக்கல்

நம்ம ஊரில் கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் உண்டு. குடத்தில் படியும் அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். அடைப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, கோடையில்தான் வெளியே தெரியும். அவசரத்துக்கு, இன்ஜின் ஆறிய பிறகு, கேன் தண்ணீர் ஊற்றலாம். ஊருக்கு வந்ததும் அதை வடித்துவிட்டு, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்ற வேண்டும்.

"தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டா சரியாயிடும்" என்ற யோசனையும் வரும். சூடு தற்காலிகமாகக் குறையலாம். ஆனால் இன்ஜின் சரியான வெப்பநிலைக்கு வரவே நேரமாகும். பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். உண்மையான கோளாறு அப்படியே இருக்கும். தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டர் மூடியும் விலை குறைந்த பாகங்கள்தான், மாற்றிவிடுவதே நல்லது.

ஓட்டிக்கொண்டே போனால்?

பெரும்பாலான கார்களில் இன்ஜின் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடானால் அது வளையும். பிறகு ஹெட்டைக் கழற்றி, லேத்தில் ஃபேஸிங் செய்து, புது கேஸ்கெட் போட வேண்டும். பழைய காரின் மதிப்போடு ஒப்பிட்டால் பலர் அங்கேயே வண்டியைக் கைவிடும் அளவுக்குச் செலவு வரும். கேஸ்கெட் சந்தேகம் இருந்தாலோ, ஊற்ற ஊற்றத் தண்ணீர் வெளியேறினாலோ, இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்யாதீங்க. டோ வண்டிக்கான வாடகை, இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.