கிழவருக்குப் பிச்சையா, பாத்தியதையா?

மூத்தோரை வணங்குதல் நமது தேசத்தாரின் தனிப்பெருங் குணமென்று மேடைதோறும் பிரசங்கம் கேட்டு வருகிறோம். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் 2007-ம் வருஷத்தில் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பெற்றோருக்குச் சோறிடாத பிள்ளையிடம் டிரிபியூனல் மூலம் ஜீவனாம்சம் வாங்கலாம். முதியோரைக் கைவிட்டவனுக்கு மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். வணக்கம் மெய்யாயிருந்தால் இச்சட்டத்திற்கு அவசியமென்ன?

புதுவையின் வடகோடியில் கனகசெட்டிக்குளம் என்னும் கடற்கரைக் கிராமம் இருக்கிறது. இத்தகைய ஊர்களில் கடலை நம்பிப் பிழைப்பவனுக்குத் தோளில் வலுவுள்ள வரையில்தான் வருமானம். வலுப் போன பிறகு அவன் மகன் கையை எதிர்பார்க்கிறான். மகனோ பாடில்லாத நாளில் தானே கடன்படுகிறான். அவனை மட்டும் நிந்திப்பது நியாயமன்று. ஏழை முதியோரின் பென்ஷனுக்கு மத்திய சர்க்கார் அளிக்கும் பங்கு, 79 வயது வரையில் மாதம் 200 ரூபாய். 80 நிரம்பினால் 500. அந்த 200 ரூபாய் 2007-ல் இருந்த அதே 200 ரூபாய்தான்! உத்தியோகஸ்தர்களுக்கு விலைவாசியை அனுசரித்து வருஷத்தில் இருமுறை பஞ்சப்படி திருத்தப்படுகிறது. கிழவர் வாங்கும் அரிசிக்கு மட்டும் விலை ஏறவில்லை போலும். புதுவை சர்க்கார் தன் பங்கைக் கூட்டிக் கொடுப்பதால்தான் அது ஒரு தொகையென்று சொல்லும்படியாக இருக்கிறது.

அதே புதுவையில் வேறொரு வகை முதியோரும் உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவித்துத் திரும்பிய ‘சொல்தா’க்களையே குறிப்பிடுகிறோம். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் நீங்கிற்று. 1962 ஆகஸ்டு 16-ல் ஒப்பந்தமும் அமுலுக்கு வந்தது. கொடி மாறியும் அவர்களுடைய பென்ஷன் நிற்கவில்லை. கணவன் இறந்தால் விதவைக்கும் ஒரு பாகம் சேருகிறது. ஏகாதிபத்தியத்தைப் புகழ நமக்கு ஆசையில்லை. அன்னியன் யுத்தத்தில் சிந்திய ரத்தத்திற்குக் கூலி அது. ஆனால் அந்த வீடுகளில் கிழவர் எவர் முகத்தையும் பார்த்துச் சாப்பிட வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயுள் முழுதும் கடலில் உழைத்து ஊருக்கு உணவளித்தவனுக்கு நமது சுதந்திர சர்க்கார் இதே பாத்தியதையை ஏன் அளிக்கலாகாது? ஓட்டுக் கேட்க வருபவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது.

வக்கீலாக இன்னொன்றும் சொல்லுவோம். உள்ள வீட்டையும் மனையையும் பிள்ளை பேருக்கு எழுதிவைத்துவிட்டுத் திண்ணைக்கு வரும் பெற்றோர் அநேகர். பராமரிக்கும் நிபந்தனையுடன் எழுதிய சொத்தை, பிள்ளை பராமரிக்காவிட்டால் திரும்பப் பெறலாமென்று 2007 சட்டத்தின் 23-வது பிரிவு சொல்லுகிறது. ஆனால் அந்த நிபந்தனை இருந்ததென்று காட்டியாக வேண்டுமென 2022 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியில் ஒரு தாயாருக்கு அதே கோர்ட்டு சொத்தை மீட்டுக் கொடுத்ததற்கு, மகன் தனியே எழுதித் தந்திருந்த வாக்குறுதிப் பத்திரம் பெருந்துணையாயிற்று. ஆகவே கிராமங்களில் ஊழியம் செய்யும் வாலிபர்கள், பத்திரம் எழுதப் புறப்படும் முதியோரிடம் இதை எடுத்துச் சொல்லி, பராமரிப்பு நிபந்தனையை அப்பத்திரத்திலேயே சேர்க்கச் செய்ய வேண்டும். இதற்கு எந்த மந்திரியின் உத்தரவும் தேவையில்லை.