இருக்கும் காலுக்கு யார் அளவெடுப்பது?

மருந்துக் கடையின் முகப்பு மேசை ஏறத்தாழ இடுப்பளவு உயரம் இருக்கும். அதற்கு அப்பால் நிற்பவருக்கு இப்பால் நிற்பவரின் கால் தெரியாது. ஆயினும் இந்தியாவில் அழுத்தக் காலுறை பெரும்பாலும் அந்த மேசையின் மீதுதான் விற்கப்படுகிறது. நோயாளி சீட்டை நீட்டுகிறார். 'ஸ்டாக்கிங்ஸ், முழங்கால் வரை, ஒரு ஜோடி' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் எழுதப்பட்டிருக்காது. கடைக்காரர் ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு 'மீடியம் போதும்' என்கிறார். பெட்டி கைமாறுகிறது. அளவு நாடா மட்டும் கடைசிவரை வெளியே வருவதில்லை.

ஒரு ரவிக்கை தைக்கக் கொடுத்தால் தோள், மார்பு, இடை, கை என்று தனித்தனியே அளவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும் தையற்காரர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் நாடு இது. ரவிக்கை பிடித்தால் பிரித்துத் தைத்துவிடலாம். காலுறை பிடித்தால் தோல் புண்ணாகும். தளர்ந்தால் வைத்தியமே நடக்காது. அழுத்தக் காலுறை என்பது உடை அன்று, மருந்து. மாத்திரையின் அளவை ஆளின் தோற்றத்தைப் பார்த்து முடிவு செய்வதை எவரும் ஒப்பமாட்டார். காலுறை விஷயத்தில் மட்டும் அது வழக்கமாகிவிட்டது.

அது மருந்தாகும் விதம் எளியது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் உள்ள சிரைகளில் இரத்த அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் அடைப்பிதழ்கள் அது திரும்பி இறங்காமல் தடுக்கின்றன. அழுத்தம் 30க்கும் கீழே இறங்குகிறது. இதழ்கள் பழுதடைந்தவருக்கு நடந்தாலும் அந்த இறக்கம் போதிய அளவு நிகழ்வதில்லை. சிரைகள் புடைத்துச் சுருள்கின்றன. கால் வீங்குகிறது, தோல் கறுத்துத் தடிக்கிறது, இறுதியில் கணுக்காலருகே ஆறாத புண் திறக்கிறது.

அமெரிக்காவின் டொலிடோ நகரில் வாழ்ந்த கான்ராட் ஜோப்ஸ்ட் என்னும் பொறியாளருக்கு இந்த நோய் இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி தணிவதை அவர் கவனித்தார். நீரின் அழுத்தம் ஆழத்தில் மிகுதி, மேலே வரவரக் குறைவு. கணுக்காலில் மிகுந்து மேலேறக் குறையும் காலுறையை அவர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியது அந்தப் பட்டறிவின் பயனே. குளத்து நீர் எந்தக் காலுக்கும் தானே பொருந்திக்கொள்ளும். நெய்த துணிக்கு அந்த ஆற்றல் இல்லை. அதற்கு அளவு சொல்லியாக வேண்டும்.

துணி தரும் அழுத்தம் இரண்டைப் பொறுத்தது: துணி எவ்வளவு இழுபடுகிறது, கால் எவ்வளவு வளைந்திருக்கிறது. ஒரே இழுவிசை மெலிந்த கணுக்காலில் கூடுதலாகவும் பருத்த கெண்டைக்காலில் குறைவாகவும் அழுத்தும். எலும்பு துருத்தும் முன்காலிலும் கணுக்கால் மொளியிலும் அது இன்னும் கூர்மையாக விழும். ஆகவே கணுக்காலின் மிகக் குறுகிய இடத்தின் சுற்றளவு, கெண்டைக்காலின் மிக அகன்ற இடத்தின் சுற்றளவு, தரையிலிருந்து முழங்கால் மடிப்புக்குச் சற்றுக் கீழ்வரை உயரம் ஆகிய மூன்றும் இல்லாமல் முழங்கால் காலுறையைத் தேர்ந்தெடுப்பது குருட்டு வேலை. தொடைவரை செல்வதற்குத் தொடையின் அளவும் வேண்டும். இவற்றைக் காலையில், வீக்கம் ஏறுமுன் எடுக்க வேண்டும். இரண்டு கால்களையும் தனித்தனியே எடுக்க வேண்டும். நோயுற்ற காலும் நலமான காலும் ஒரே சுற்றளவில் இருப்பதில்லை.

'கிளாஸ் 2' என்று எழுதிவிட்டால் போதும் என்று நினைக்கும் மருத்துவர்களும் உண்டு. ஜெர்மானியத் தரத்தில் இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 மில்லிமீட்டர் பாதரசம். பிரிட்டானியத் தரத்தில் அதே இரண்டாம் வகுப்பு 18 முதல் 24. எந்தத் தரம் என்று சொல்லாத வகுப்பு எண், மில்லிகிராம் சொல்லாத மாத்திரைப் பெயருக்குச் சமம். சீட்டில் அழுத்தத்தை எண்ணால் எழுதுவது ஒன்றே இதற்குத் தீர்வு.

அளவுக்கும் முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் காலுக்குப் போதிய இரத்தம் இறங்கி வருகிறதா? தமனி அடைப்புள்ள காலை இறுக்கிக் கட்டினால் இருக்கும் சிறிதளவு ஓட்டமும் நின்றுபோகும். கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனையில் விகிதம் 0.8க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை தேவை, 0.5க்குக் கீழே இருந்தால் இறுக்கமான காலுறை கூடாது. நீரிழிவு நோயாளியின் தமனிச் சுவர் சுண்ணமேறிக் கெட்டியாகியிருந்தால் இந்த விகிதம் பொய்யாக உயர்ந்தும் காட்டும். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டது. உணர்வு மரத்த காலில் காலுறை வெட்டினாலும் வலிக்காது. இத்தகைய நாட்டில் கேள்வியே கேட்காமல் பெட்டியை நீட்டுவது எளிய பிழை ஆகாது.

இவ்வளவு சிரமம் எதற்கு, காலுறையால் பயனே இல்லை என்று ஆய்வுகள் சொல்லவில்லையா என்று கேட்போர் உளர். கேட்கத் தக்க கேள்விதான். 2014இல் லான்செட் இதழில் வந்த சாக்ஸ் ஆய்வு, ஆழ்சிரையில் இரத்தம் உறைந்த சற்றேறக்குறைய 800 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு உண்மையான காலுறையும் மற்றதற்கு அழுத்தமற்ற போலியும் தந்தது. பின்விளைவுகளில் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் அந்த ஆய்வில் காலுறைகள் நோயாளிகளின் வீட்டுக்கு அனுப்பிவைக்கப்பட்டன. இரண்டாண்டு முடிவில் வாரத்திற்கு மூன்று நாளேனும் அணிந்தவர்கள் ஏறத்தாழ 56 விழுக்காட்டினரே. அதே ஆண்டு, அதே இதழில் வந்த வீனஸ் 4 ஆய்வில் ஈரடுக்குக் காலுறையும் நான்கடுக்குக் கட்டும் சிரைப் புண்ணை ஏறக்குறைய ஒரே வேகத்தில், நடுவளவாக 99 நாளிலும் 98 நாளிலும், ஆற்றின. புண் மீண்டும் வருவது காலுறைப் பிரிவில் குறைவாக இருந்தது. 2009இன் கிளாட்ஸ் ஆய்வோ, பக்கவாதத்தில் படுத்திருப்போருக்குத் தொடைவரைக் காலுறை உறைவைத் தடுக்கவில்லை, தோல் காயங்களை மிகுவித்தது என்று காட்டியது.

மூன்றையும் சேர்த்து வாசித்தால் கிடைக்கும் பாடம் 'காலுறை வேண்டாம்' என்பது அன்று. யாருக்கு, எதற்கு, எவ்வாறு என்று கேட்காமல் தராதே என்பதே. அளவெடுத்து, அணியக் கற்பித்து, சில வாரங்களில் திரும்ப வரச்சொல்லிப் பார்ப்பது வரை எல்லாம் அந்த மருந்தின் பகுதி. குதிகால் வரை உட்புறத்தை வெளியே திருப்பிக்கொண்டு, பாதத்தை நுழைத்து, ரப்பர் கையுறையால் சிறிது சிறிதாக மேலே தடவி ஏற்ற வேண்டும் என்பதை ஒருவர் செய்துகாட்டாமல் மூட்டுவலி உள்ள முதியவர் எப்படி அறிவார்? நீளம் கூடிய காலுறையை முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்டால் அந்த மடிப்பு கயிறுபோல் இறுக்கும் என்பதை யார் சொல்வது? மெட்டியும் கொலுசும் அணியும் பெண்ணுக்கு விரல் திறந்த வகை உண்டு என்பதும், ஆறு மாதத்தில் நெகிழ்ச்சி குன்றுமென்பதும் எந்தச் சீட்டிலும் இல்லை. பாதிப் பேர் சில நாளில் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், பழி நோயாளியின் பொறுமையின்மை மீதும் வெயிலின் மீதும் விழுகிறது. அணிவிக்கப்படாத மருந்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

யானைக்கால் நோயில் இந்தக் குறை இன்னும் ஆழமானது. 2027க்குள் அந்நோயை ஒழிப்பதாக இந்தியா இலக்கு வைத்துள்ளது. பீகாரிலும் ஜார்க்கண்டிலும் உத்தரப் பிரதேசத்திலும் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று மாத்திரை தருகிறார்கள். பெரும்பணி அது. ஆனால் பரவல் நின்றாலும் ஏற்கெனவே வீங்கிய கால் தானாக வடிவதில்லை. அவர்களுக்குத் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பை வழங்கப்படுகிறது. கழுவுதலும் தோல் பேணலும்தான் அடிப்படை; அதில் ஐயமில்லை. அதற்கு அடுத்த படியான அழுத்தச் சிகிச்சை மட்டும் பெரும்பாலோரை எட்டுவதில்லை. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள பயன்முறைத் தோலியல் நிறுவனம் கழுவுதல், யோகம், ஆயுர்வேதம் ஆகியவற்றோடு அழுத்தக் கட்டையும் இணைத்து இத்தகைய கால்களைச் சிறுக்கச் செய்து வருகிறது. கட்டினால் வீக்கம் வடிந்த பிறகே காலுறைக்கு அளவெடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் ஒரே மாதத்தில் தொளதொளத்துவிடும். மடிப்பு விழுந்த காலுக்கு வட்டமாக நெய்த ஆயத்தக் காலுறை பொருந்தாது. தட்டையாக நெய்து தைத்த, அந்த ஒரு காலுக்கே உரியதை வரவழைக்க வேண்டும். மீடியமும் லார்ஜும் இங்கே பொருளற்ற சொற்கள்.

இந்த நாட்டால் இது முடியாது என்று சொல்ல இயலாது. 1968இல் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கிய செயற்கைப் பாதம், சம்மணமிட்டு உட்காரும், வெறுங்காலோடு வயலில் இறங்கும் இந்திய வாழ்வுக்கு ஏற்ப அமைந்தது. 1975 முதல் அங்கே இயங்கும் அமைப்பு வருபவரின் எஞ்சிய காலை அளந்து, வார்த்து, பொருத்தி, பெரும்பாலும் ஓரிரு நாளில் நடந்துபோகச் செய்கிறது. இழந்த காலுக்கு அளவெடுக்கக் கற்ற நாடு, இருக்கும் காலுக்கு அளவெடுக்கக் கற்கவில்லை. கால் போன பிறகு காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கை முன்னரே காட்டினால் போதும்.

நின்றே உழைப்பவர்களின் கதையும் இதோடு சேர்ந்ததே. துணிக்கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்கள் கோழிக்கோட்டில் நடத்திய இருக்கைப் போராட்டத்தின் விளைவாகக் கேரளம் 2018இலும், அதைத் தொடர்ந்து தமிழ்நாடு 2021இலும் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கின. உட்கார நாற்காலி தராத முதலாளி காலுறை வாங்கித் தந்து கடமையை முடித்துக்கொள்ளக் கூடாது. நாற்காலியே முதல் மருத்துவம். ஆனால் இதழ் பழுதுற்ற கால்களுக்கு நாற்காலி மட்டும் போதாது.

செய்யவேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. மருத்துவச் சீட்டில் மூன்று அளவுகளும் அழுத்த எண்ணும் தமனிச் சோதனையின் முடிவும் இல்லாமல் காலுறை எழுதக் கூடாது என்பதை மருத்துவக் கல்லூரிகள் வழக்கமாக்கலாம். செவிலியருக்கும் இயன்முறை மருத்துவருக்கும் அளவெடுத்தலும் அணிவித்தலும் செய்முறைப் பாடமாக வேண்டும். யானைக்கால் பகுதிகளில் வீடு தேடிச் செல்லும் பணியாளரின் பையில் ஓர் அளவு நாடாவும் ஒரு குறிப்பேடும் இருந்தால், கால் சிறுக்கிறதா பெருக்கிறதா என்பதேனும் தெரியவரும். ஆயுஷ்மான் பாரத் போன்ற காப்பீடுகள் மருத்துவமனைப் படுக்கையை ஒட்டியே நிற்கின்றன. ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றவேண்டிய காலுறை அந்த வரம்புக்கு வெளியே, நோயாளியின் கைக்காசில் கிடக்கிறது. புண் திறந்து படுத்தால் செலவை ஏற்கும் திட்டம், புண் திறக்காமல் காக்கும் துணிக்கு ஏன் தயங்க வேண்டும்?

அளவெடுப்பவர் நோயாளியின் முன் குனிந்து, காலைத் தொட்டாக வேண்டும். வீங்கிய, கறுத்த, சில வேளை நாறும் காலை. அந்தக் குனிதலை எவரும் தம் வேலையாகக் கொள்ளாததால்தான் மேசைக்கு மேலே எல்லாம் முடிந்துவிடுகிறது. அளவு நாடாவின் விலை சில ரூபாய். குனிவதற்கு ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.